ஒட்டு மச்சம்

அறுபதுகளில் வந்த கறுப்பு வெள்ளை சி.ஐ.டி. படங்கள் என்றால் எனக்குக் கிறுக்கு. வலங்கைமான் பக்கம் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து, வாய்க்கால் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் ஒன்றாகிக் கண் சொக்கும் நேரத்தில் டி.வி.யில் ஏதாவது ஒன்று ஓடும். மடியில் என் நான்கு வயது மகள். ஹீரோ ராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடியோடு கார் ஓட்டுவார். சுவரைத் தட்டினால் குகை திறக்கும். உள்ளே என்ன கலரென்றே தெரியாத பல்புகள் மினுக்கும். வில்லன் ஹீரோவைக் கட்டிப்போட்டுவிட்டுத் தன் திட்டத்தை முழுக்க ஒப்பிப்பான். "அட அசடே, சுட்டுத் தொலையேன்!" என்று கத்துவேன். விமானம் நூலில் ஆடும், நூலும் தெரியும். ஒன்றுதான் எரிச்சல். சதியை முதலில் கண்டுபிடிப்பவள் கதாநாயகியாக இருப்பாள், அவளைப் போய் ஆடச் சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து மாறுவேஷம். கன்னத்தில் ஒரு மச்சம் ஒட்டினால் போதும், பெற்ற தாய்க்கே மகனைத் தெரியாது. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். மகள் சிரிக்கமாட்டாள். அவளுக்கு அது முழு நிஜம்.

அவள் என் வயிற்றில் இருந்தபோது துபாய்க்கு வேலைக்குப் போன என் கணவர், இந்த வருஷம்தான் லீவில் வந்தார்.

"அப்பா வந்திருக்காங்க பாரு."

"அப்பா போன்லல்ல இருக்காங்க" என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சாயங்காலம் என் காதருகே வந்து, "இந்த மாமா எப்பம்மா ஊருக்குப் போவாங்க?" என்றாள். அவருக்கும் கேட்டுவிட்டது. எழுந்து வயல் பக்கம் போய்விட்டார். லீவு முடிவதற்குள் ஒரு தடவையாவது இவள் அவரை அப்பா என்று கூப்பிட்டுவிட வேண்டுமே என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பொம்மை, சாக்லேட் எதுவும் பலிக்கவில்லை. தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனோம். கோட்டையைப் பார்த்து "வில்லன் வீடு" என்றாள், அதுவும் என்னிடம்தான்.

பிறகு ஒரு மத்தியானம், வெளியே நடவு வயல் மேல் மழை பூவாகத் தூறிக்கொண்டிருக்க, அவரும் எங்களோடு படம் பார்க்க உட்கார்ந்தார். விமானம் நூலில் ஆடியது.

"ஐயையோ, நான் வந்த பிளைட்டும் இப்படித்தான் ஆடுச்சு!" என்றார்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "நூல் அறுந்துடுச்சா?"

"அறுந்துடும்போலத்தான் இருந்துச்சு. கெட்டியாப் புடிச்சிட்டு வந்துட்டேன்."

"எதுக்கு?"

"உன்னப் பாக்கத்தான்."

அவள் என் மடியிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்தாள். படம் முடிந்தபோது அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கால் மரத்துப்போயும் அவர் அசையவில்லை.

அப்புறம் வீட்டில் "அப்பா, அப்பா" என்பது ஓயவே இல்லை. அந்த நாட்களை நினைத்தால் பாதிக் கனவு மாதிரிதான் இருக்கிறது. எப்படிக் கரைந்தன என்றே தெரியவில்லை.

கிளம்பும் நாள் காலையில், திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தது. அவர் ஷூ போடக் குனிந்தார். மகள் என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையோடு ஓடி வந்து, இருப்பதிலேயே பெரிய கறுப்புப் பொட்டைப் பிய்த்து அவர் கன்னத்தில் ஒட்டி அழுத்தினாள்.

"கார்க்கார மாமாவுக்கு இப்ப உன்ன யாருன்னே தெரியாதுப்பா. அப்பா இல்லன்னு நான் சொல்லிடுறேன். நீ இங்கயே இரு."

அவர் பொட்டை எடுக்கவில்லை. டிரைவர் உள்ளே வந்து பெட்டியைத் தூக்கினார். அவரைப் பார்த்து, "கெளம்பலாமாண்ணே?" என்றார்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எப்படிம்மா கண்டுபுடிச்சாங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.