முனகலுக்குக் கிடைத்த ஒரு வசனம்

என் தங்கை புருஷனுக்கு ஸ்டுடியோவில் பெயர் முனகல். வேற்று மொழிப் படங்களுக்கு நம் மொழியில் குரல் கொடுக்கும் இடம் அது. நான் அங்கே ஒலிப்பதிவு செய்கிறேன். நடிகர்கள் வருவார்கள், கண்ணாடி அறைக்குள் நின்று வசனத்தைப் பேசுவார்கள், போய்விடுவார்கள். அடி வாங்குவது, மூச்சு வாங்குவது, மாடிப்படியில் உருளுவது, தண்ணீரில் திணறுவது எல்லாம் மிச்சம் இருக்கும். பெரிய குரல்காரர்கள் அதற்காகத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குத்தான் முனகல். கல்யாணமான புதிதில் வேலையில்லாமல் சும்மா திரிந்தவரை நான்தான் கூட்டிக்கொண்டு போய் மைக் முன்னால் நிறுத்தினேன். அன்றிலிருந்து எத்தனையோ பேருக்காக அடி வாங்கியிருக்கிறார். ஒரு படத்தில் குதிரைக்குக்கூட மூச்சு விட்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியது மட்டும் கிடையாது.

"ஒரே ஒரு வசனம் மச்சான். 'வாங்க'ன்னு இருந்தாக்கூடப் போதும்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

அந்த ஆசைக்குக் காரணம் எங்கள் அம்மா. மாப்பிள்ளை சினிமாவில் இருக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். எந்தப் படம், என்ன பேசுகிறார் என்று யாராவது திருப்பிக் கேட்டால் அவள் முகம் செத்துவிடும். அந்தக் குதிரைதான் எங்க மாப்பிள்ளை என்று சொல்லவா முடியும்? அந்தக் கோபத்தை அவர் அவள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது ஜாடையாகக் காட்டுவாள். அவரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன்.

அப்போதுதான் 'தாங்கி' என்ற படத்தின் இரண்டாம் பாகம் டப்பிங்குக்கு வந்தது.

முதல் பாகத்தில் ஒரு வம்பும் இல்லை. சரிகிற கட்டடத்தையெல்லாம் ஒருத்தன் தோளில் தாங்குவான். சிரித்துக்கொண்டே தாங்குவான். கீழே நிற்கிற ஜனம் கைதட்டும், படம் முடியும். இரண்டாம் பாகத்துக்கு யதார்த்தம் வந்து தொலைத்தது. யதார்த்தம் என்றால் வேறொன்றும் இல்லை, விளக்கை அணைத்துவிட்டார்கள். படம் முழுக்க மழை. அந்த ஊரில் ஒரு பயலிடமும் குடை கிடையாது. வில்லன் கடன் இல்லையென்று சொல்லும் வங்கி மேலாளரைப்போல மெல்லப் பேசுகிறான். அவன் முகத்தில் ஒப்பனையே இல்லையாம், அதற்கு அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். எங்கள் வீட்டில்கூட யாரும் ஒப்பனை போடுவதில்லை, எங்களை யார் தூக்கினார்கள்? நாயகனுக்கு முதுகுவலி, தூக்கமின்மை, மனக்கசப்பு. அவன் பேசுவதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டைக்குத் தேறாது. மற்ற நேரமெல்லாம் எதையாவது தாங்கிக்கொண்டு முனகுகிறான்.

அந்த நாயகனுக்குக் குரல் கொடுக்க நம் பெரிய நடிகர் ஒருவரைப் பிடித்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே வந்தார். இருட்டுப் படத்தை இருட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்து, காலையிலேயே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார். மீதிப் படம் முனகல் தலையில் விழுந்தது. வெறும் தொண்டையில் வராது, இடுப்பிலிருந்து வரவேண்டும் என்று சொல்லி, ஸ்டுடியோ சுவரை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு முனகினார். சட்டை நனைந்துபோகும். வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூட ஜாடையில்தான் கேட்பார்.

டப்பிங் டைரக்டருக்கே மனசு கேட்கவில்லைபோல. "காவலாளி ஒருத்தன் வர்றான்யா, ஒரு வசனம். நீயே பேசிடு" என்றார்.

படத்தின் உச்சக் காட்சி அது. நாயகனின் அம்மா சாகக் கிடக்கிறாள். அவன் ஊரையே தாங்கிவிட்டு ரத்தத்தோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு முனகுகிறான். காவலாளி அவனைப் பார்த்து, "பார்க்குற நேரம் முடிஞ்சுபோச்சுப்பா. நாளைக்கு வா" என்கிறான். அவ்வளவுதான். முழுப் படத்திலும் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அந்தக் காவலாளி.

முனகல் அதை வைத்துக்கொண்டு வீட்டைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. பல் தேய்த்துக்கொண்டே சொல்வார், செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வார். என் தங்கை அடுப்படியிலிருந்து திருத்துவாள்.

"ஏன் அதட்டுறீங்க? அவனும் பாவம், வீட்டுக்குக் கிளம்பப்போற ஆளு. கால் வலிக்குது அவனுக்கு. அப்படிச் சொல்லுங்க."

அப்படியே சொன்னார். ஸ்டுடியோவில் ஒரே தடவையில் முடிந்தது. கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. நின்று நின்று அலுத்த ஒரு மனுஷன் பேசுவதுபோல இருந்தது. அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அம்மா சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லி, தியேட்டரில் ஒரு வரிசையையே பிடித்துவிட்டாள்.

வெளியீட்டுக்கு முந்தின வாரம் பெரிய நடிகரின் மேனேஜர் வந்தார். படத்தை ஒலியோடு முழுக்கக் கேட்டுவிட்டு, பூரித்துப்போய் வெளியே வந்தார்.

"மூச்செல்லாம் பிரமாதம்ணே. அண்ணனே விட்டதாத்தான் பேட்டியில சொல்லப்போறோம். அந்தக் காவலாளி வசனம் மட்டும் இடிக்குது. அண்ணன் முனகுறாரு, உடனே இவரு பேசறாரு, மறுபடி அண்ணன் முனகுறாரு. ரெண்டும் ஒரே நெஞ்சுன்னு காதுள்ளவன் கண்டுபிடிச்சிடுவான்."

"அது ஒரே நெஞ்சுதானே சார்" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் அந்த மகானுபாவர்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த முனகல் எழுந்து வந்தார். "அப்போ முனகலை எல்லாம் அழிச்சிடுங்க சார். அண்ணனே வந்து முனகட்டும். எனக்கு அந்த வசனம் மட்டும் போதும்."

மேனேஜர் சிரித்தார். அண்ணன் முனக வேண்டும் என்றால் படம் அடுத்த வருஷம்தான் வரும் என்றார். அன்று சாயங்காலமே ஒரு எஃப்.எம். அறிவிப்பாளரைக் கூட்டிவந்து காவலாளியைப் பேசவைத்தார்கள். விளம்பரத்தில் நெய் விற்கிற குரல் அது. "நாளைக்கு" என்ற இடத்தில் நடுங்கி, "வா" என்ற இடத்தில் விம்மினார். பதிவு செய்தவன் நான்தான், என் தலையெழுத்து. முனகல் வெளி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்ல சொல்லிடு மாப்ள" என்றேன்.

"எப்படி மச்சான் சொல்றது? அத்தை டிக்கெட் எடுத்துட்டாங்க" என்றார்.

தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க எங்கள் ஆட்கள். படம் ஓடிக்கொண்டேயிருந்தது, முனகல் முனகிக்கொண்டேயிருந்தார். அம்மா நெளிந்தாள். "யாருடா இவன், மலச்சிக்கல் வந்தவன் மாதிரி? இதுல எப்படா நம்ம மாப்பிள்ளை வருவாரு?" என்று என் காதில் கேட்டாள். அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் முனகல். திரையில் மூச்சுத் திணறியவர் பக்கத்திலேயே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

காவலாளி வந்தான். நெய் வழிந்தது. எங்கள் வரிசை எழுந்து நின்று கைதட்டியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன கணீர்னு பேசறீங்க மாப்பிள்ளை, இத்தனை நாளா இதை எங்க வச்சிருந்தீங்க?" என்றாள். அவர் ஏதோ தலையை ஆட்டினார். என் தங்கை அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்த வசனத்தைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான், அவள் காதில் யார் பூச்சுற்றுவது? நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பத்திரிகையில், பெரிய நடிகர் ஒவ்வொரு மூச்சிலும் நடித்திருக்கிறார் என்று ஒரு விமர்சகர் உருகியிருந்தார். அந்த ஆளின் காதை டாக்டரிடம் காட்டவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் எல்லோரும் கூடினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு. மாப்பிள்ளை அந்த வசனத்தை ஒருமுறை சொல்லிக் காட்டவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். முனகல் வேண்டாம் என்றார், அம்மா விடவில்லை. எழுந்து நின்றார். ஸ்டுடியோவில் சொன்ன மாதிரியே, கால் வலிக்கிற மனுஷனாக, அலுப்போடு சொன்னார்.

"பார்க்குற நேரம் முடிஞ்சுபோச்சுப்பா. நாளைக்கு வா."

அம்மாவின் முகம் சுருங்கியது.

"படத்துல இருந்த மாதிரி இல்லையே மாப்பிள்ளை. அதுல ஒரு உருக்கம் இருந்துச்சு. இது சப்புனு இருக்கு."

உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று எழுந்தேன். முனகல் என்னைப் பார்த்து வேண்டாம் என்று கையைக் காட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். அதே நெய்க் குரல். "நாளைக்கு" என்ற இடத்தில் அதே நடுக்கம், "வா"வில் அதே விம்மல், இம்மி பிசகவில்லை. கூடம் முழுக்கக் கைதட்டல். என் தங்கை மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"ஆங், இதுதான். இப்படியே பேசுங்க, அடுத்த படத்துல இன்னும் ரெண்டு வசனம் தருவாங்க" என்றாள் அம்மா.

"சரிங்க அத்தை" என்றார் அவர். அதையும் அந்த அறிவிப்பாளரின் குரலிலேயே சொன்னார்.