வரிக்கு வரி மூன்று புள்ளி

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ரயில் இல்லாத வருடங்கள் அவை. பாதையை அகலப்படுத்துகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றம் வந்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஒரு பெண்கள் கல்லூரிக்கு பி.எஸ்ஸி. கணிதம் நடத்தப் போவேன். தற்காலிக வேலை. அடுத்த வருடம் உண்டா இல்லையா என்பதை ஜூன் மாதம்தான் சொல்வார்கள்.

அப்போது எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. எங்கள் மாணவிகள் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவர்கள். கல்லூரிக்கு வந்ததும் தேற்றங்களை ஆங்கிலத்தில் கமா பிசகாமல் ஒப்பிப்பார்கள். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் 'ஆகவே' என்பதற்கான மூன்று புள்ளியை வைப்பார்கள். எதனால் ஆகவே என்று கேட்டால் மொத்த வகுப்பும் மேசையைப் பார்க்கும். இது கோலப்புள்ளி இல்லை அம்மா, காரணம் தெரிந்தால் வை என்று கிண்டல் செய்வேன்.

நோட்ஸ் சொல்லி எழுதவைப்பதை நிறுத்தினேன். கைடை மூடச் சொன்னேன். தேற்றத்தை மட்டும் போர்டில் எழுதிவிட்டு, நிரூபணத்தை நீங்களே தேடுங்கள் என்று உட்கார்ந்துவிடுவேன். போர்ஷன் முடியவில்லை என்று துறைத்தலைவர் கூப்பிட்டுச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்து அதையேதான் செய்தேன்.

ஒருநாள் அல்ஜீப்ரா வகுப்பு. ஒரு கூட்டத்தில் எதை அதனாலேயே பெருக்கினாலும் ஒன்றுதான் வருகிறது என்றால், அங்கே எந்த இரண்டையும் வரிசை மாற்றிப் பெருக்கலாம் என்று காட்ட வேண்டும். கைடில் அதற்கு அரைப்பக்கம் உண்டு. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் டிரைவரின் மகள். இடது பக்கம் ஒரு பெருக்கல், வலது பக்கம் ஒரு பெருக்கல், இரண்டே வரியில் முடித்துவிட்டாள். எனக்குத் தோன்றாத வழி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

பரீட்சைக்கு முன்னால் அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"எதுக்கும் கைடுல இருக்கறதையே மனப்பாடம் பண்ணிடட்டுமா மிஸ்? அரியர் விழுந்தா காலேஜ நிறுத்திடுவேன்னு அப்பா சொல்லியிருக்காங்க."

வீட்டில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தது எனக்கும் தெரியும். "புரிஞ்சத எழுது. எவன் மார்க்கக் குறைக்கப்போறான்?" என்றேன்.

அந்த எவனை விடைத்தாள் திருத்தும் முகாமில் பார்த்தேன். சொந்தக் கல்லூரித் தாள் நம் மேசைக்கு வராது. வேறு எந்த ஊர்ப் பிள்ளையோ ஒரு தேற்றத்தைச் சொந்த வழியில் நிரூபித்திருந்தது. முழு மார்க் போட்டேன். மேற்பார்வைக்கு இருந்தவர் வாங்கிப் பார்த்து, விடைக்குறிப்பில் உள்ள படிகள் இல்லையே மேடம் என்றார். கணக்கு சரிதானே சார் என்று சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. மேசை மேசையாகக் கட்டுகள் கிடப்பதைக் காட்டி, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வழியில் எழுதினால் யார் உட்கார்ந்து படிப்பது என்று கேட்டார். அதில் நியாயமும் இருந்தது, அதுதான் எரிச்சல். மார்க்கை அடித்துக் குறைத்தேன். என் மாணவியின் தாளையும் எங்கோ ஒரு மேசையில் இப்படித்தான் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தேன்.

ரிசல்ட் வந்தது. அவளுக்கு அல்ஜீப்ராவில் மட்டும் அரியர். என் பாடத்தின் பாஸ் சதவீதத்தைத் துறைத்தலைவர் வட்டம் போட்டுக் காட்டி, ஜூனை ஞாபகப்படுத்தினார்.

அவள் என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கைடை என் கையில் கொடுத்தாள்.

"மாமா பேசி ஒரு வாட்டி டைம் வாங்கிக் குடுத்துருக்காங்க மிஸ். இந்த வாட்டியும் போச்சுன்னா அவ்ளோதான். நான் பாக்காம எழுதறேன், நீங்க இத வச்சுத் திருத்துங்க."

புரிந்ததை எழுது என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன். அவள் எழுத ஆரம்பித்தாள். அதே தேற்றம், அந்த அரைப்பக்கம். எங்கும் நிற்கவில்லை, யோசிக்கவில்லை, முகத்தில் ஒன்றுமே இல்லை. எதனால் என்று கேட்க நாக்கு துடித்தது. எதனால் என்று அவளுக்குத் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். கடைசியில் 'ஹென்ஸ் தி ப்ரூஃப்' என்று எழுதி அடிக்கோடு போட்டுத் தாளை நீட்டினாள்.

கைடின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன்.

"நாலாவது வரிக்கு முன்னாடி மூணு புள்ளிய விட்டுட்ட," என்றேன்.

சாரி மிஸ் என்று தாளைத் திரும்ப வாங்கி, வைத்தாள்.