கண் சொக்கும் வரை

கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சென்னம்மா ஆயா. ஆபரேஷனுக்கு முன் பிள்ளைகளுக்குத் தூக்க மருந்து புகட்டி, கண் சொக்கும் வரை மடியில் வைத்திருப்பது அவள் வேலை. பெற்றவர்கள் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மருந்தோ கசப்பில் வேப்பெண்ணெய்க்கு அண்ணன். புகட்டியவளை அப்புறம் கண்டால் பிள்ளைகள் தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். புருஷனும் போய், பிள்ளையும் இல்லாதவளுக்கு அந்தக் கொஞ்ச நேரத்து மடிக்கனம்தான் மிச்சம். அரைத் தூக்கத்தில் எதுவாவது 'அம்மா' என்று முனகினால், 'ம்' என்று சொல்லிவிடுவாள். யார் கேட்கப்போகிறார்கள்?

ஐம்பத்தாறாம் வருஷம் குருபரப்பள்ளி செல்வம்மாள் தன் மகள் ராஜாத்தியைக் கொண்டுவந்தாள். நாலு வயசு, தொண்டையில் சதை. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சடைத்துவிடும், காலையில் ஒன்றும் தராதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். செல்வம்மாளும் தலையாட்டியிருந்தாள்.

மருந்து இறங்கியதும் ராஜாத்தி சென்னம்மாவின் கழுத்தில் முகம் புதைத்தாள். தூக்கத்திலேயே அவள் விரல்கள் எதையோ கிள்ளி, உருட்டி, வாய்க்குக் கொண்டுபோயின. சென்னம்மா அந்தக் கையைப் பிரித்துப் பார்த்தாள். நகக்கண்ணில் கேழ்வரகுக் களி, இன்னும் காயவில்லை.

டாக்டரிடம் சொன்னாள். ஆபரேஷன் நின்றது. செல்வம்மாள் மறைக்கவில்லை. கத்தி வைக்கிற இடத்துக்குப் பிள்ளையைப் பட்டினியாக அனுப்ப மனசு வரவில்லை என்று அழுதாள். பிறகு சென்னம்மாவைப் பார்த்தாள்.

"நீ ஒண்ணு பெத்திருந்தா, வெறும் வவுத்தோட அனுப்பறது என்னான்னு தெரிஞ்சிருக்கும்."

சென்னம்மா பிள்ளையின் நகக்கண்ணைத் துடைத்தாள். பிள்ளை விழிக்கும் வரை பார்த்துக்கொள்ளும்படி டாக்டர் சொன்னார். மத்தியானம் முழுக்க ராஜாத்தி அந்த மடியில் கிடந்தாள். கால் மரத்தும் சென்னம்மா அசையவில்லை. இவ்வளவு நேரம் எந்தப் பிள்ளையும் அவளிடம் இருந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எழுந்துவிடாதே கண்ணு என்றுகூட நினைத்தாள்.

கண் திறந்த பிள்ளை அவளைக் கண்டு வீறிட்டு, தாயிடம் தாவியது.

அடுத்த வாரம் மறுபடி வந்தார்கள். பிள்ளை இந்த முறை பட்டினிதான். ஆனால் சென்னம்மா வேண்டாம், வேறு ஆயா மருந்து கொடுக்கட்டும் என்றாள் செல்வம்மாள். அப்படியே செய்தார்கள்.

கதவுக்கு வெளியே இரண்டு பெண்களும் நின்றார்கள். உள்ளே ராஜாத்தி 'அம்மா' என்று முனகினாள்.

இரண்டு வாயிலிருந்தும் 'ம்' வந்தது.

செல்வம்மாள் திரும்பிப் பார்த்தாள். சென்னம்மா வாளியை எடுத்துக்கொண்டு வராந்தாவைக் கழுவப் போனாள்.