சுடலைமுத்துவுக்கு நான் போட்ட அடைமொழிகள்

மனு எழுதுகிற தொழில் என்பது அடுத்தவர் கண்ணீரை இங்கிலீஷ் மையில் கலக்கி விற்பது. அப்படி விற்றுப் பிழைத்த சகாக்களே, வாங்கி ஏமாந்த மகராசர்களே, ஜெர்மன் சண்டைக்கு முந்தி அம்பாசமுத்திரம் தாலுகா கச்சேரி வேப்பமரத்தடியில் நான் பட்டதைக் கேளுங்கள்.

நாலு வகைச் சரக்கு

பெயர்ச்சொல்லை வெறும் மேனியாகக் கச்சேரிக்கு அனுப்பக்கூடாது என்பது என் கொள்கை. அதற்காகவே வெள்ளைக்காரன் அட்ஜெக்டிவ் என்று அடைமொழிகளை வகை வகையாகத் தைத்து வைத்திருக்கிறான். 'திஸ்', 'தட்' என்று சுட்டுவது ஒரு வகை. 'ஃபைவ்' பிள்ளைகள் என்று எண்ணுவது ஒன்று. 'மச்', 'லிட்டில்' என்று அளப்பது ஒன்று. இவையெல்லாம் சோறு. 'பூவர்', 'ஹம்பிள்' என்று குணம் சொல்கிறதே, அதுதான் நெய். ஒரு வாய்க்கால் தகராறுக்கு நான் ஊற்றிய நெய்யில் மனு கனத்துப்போய், துரை மேஜைக்குத் தூக்க இரண்டு சேவகர்கள் வந்தார்கள். நம்பாதவர்கள் அவர்களையே கேட்கலாம். இருவரும் செத்துப்போனார்கள் என்பதுதான் சங்கடம்.

பக்கத்துப் பாயில் எழுதிய சங்கரலிங்கம் அண்ணாச்சி அந்த மனுவைப் படித்துவிட்டுச் சொன்னார்: "என்னவே இது, நகையெல்லாம் நடந்து வருது, ஆளக் காங்கலியே!"

இங்கிலீஷில் ஒரு புருஷன்

மாடத்தி என்று ஒருத்தி வந்தாள். புருஷன் சுடலைமுத்து மூன்று வருஷத்துக்கு முன் கங்காணியோடு கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். திரும்பி வந்த ஊர்க்காரர் ஒருவர், கொழும்பு ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். "சொரத்துல புத்தி கலங்கிப்போச்சாம் ஐயா. பேரு கேட்டா முழிக்காகளாம். அடையாளம் எழுதிப்போட்டா தூத்துக்குடிக் கப்பல்ல ஏத்தி அனுப்பிருவாகளாம்" என்றாள்.

ஆள் எப்படி என்று கேட்டேன். கட்டை, கருப்பு, அம்மை வடு விழுந்த முகம், கடுக்கன் இழுத்துக் கிழிந்த இடது காது. எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்படிப்பட்டவனை எந்தத் துரை தேடுவான்? 'டால்' என்றேன், 'ஃபேர்' என்றேன், 'ஹேண்ட்சம்' என்றேன். காதை விட்டுவிட்டேன், கிழிசலுக்கு நெய் எதற்கு? எழுதியதைத் தமிழில் சொன்னதும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பைய சொன்னாள்: "அப்படியே இருக்கட்டும் ஐயா. இங்கிலீசுலயாவது அவுக அழகா இருக்கட்டும்."

சந்தை நாள்

அதன்பின் சந்தைக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் புது வேட்டி ஒன்றைக் காட்டினாள். கப்பலை விட்டு இறங்கினால் கட்டிக்கொள்ள. நீளம் கூடுதலாயிருக்கிறதே என்றதற்கு, "நீங்கதான் அவுகள ஒசத்தி எழுதிட்டீகளே!" என்றாள்.

பதில்

நாலாம் மாதம் கொழும்பு ஆஸ்பத்திரித் துரையிடமிருந்து பதில் வந்தது. நெய்யில்லாத இங்கிலீஷ். மனுவில் கண்ட உயரமான, சிவந்த, அழகான ஆள் இங்கே இல்லை. பேர் சொல்ல முடியாத ஒருவன் இருந்தான். குட்டை, கருப்பு, அம்மை வடு, இடது காது கிழிசல். அடையாளம் ஒவ்வாததால் அவனைக் கப்பலேற்றவில்லை. போன மாதம் இறந்துபோனான்; அங்கேயே புதைத்தாயிற்று.

ஆயுசில் ஆயிரம் பொய் சொன்ன வாயில் அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. இருந்ததை இருந்தபடி படித்தேன். மாடத்தி அழவில்லை. கடுதாசியை வாங்கி, எழுத்துத் தெரியாதவள், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது அவுகதான். நாஞ் சொன்னத அந்தத் தொரை அப்படியே எழுதியிருக்காரு. நீங்க யார எழுதினீக ஐயா?"

அதற்கப்புறமும் இருபது வருஷம் அதே மரத்தடியில் எழுதினேன், ஆள் அடையாளத்தில் மட்டும் வந்தவர் சொன்னதற்கு மேல் ஒரு சொல் சேர்த்ததில்லை. மிஞ்சிய பொய்யையெல்லாம் உங்களிடம்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.