இறங்கும்போது நகர்ந்தது

ரயில் நிலையத்தில் அவருக்குப் பெயர் ‘ரிப்போர்ட்டு’. விபத்து நடந்தால் அதைத் தாளில் எழுதி ரயில் கம்பெனிக்கு அனுப்புவது அவர் வேலை. இருபத்தாறு வருடத்தில் ஒரு எழுத்துப்பிழை கிடையாது. அதில் மனிதருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேலதிகாரி ஒரு வரியைக் கொடுத்திருந்தார்: ‘வண்டி நகரும்போது இறங்கினார்.’ அப்படி எழுதினால் தப்பு பயணியுடையது. ‘இறங்கும்போது வண்டி நகர்ந்தது’ என்று எழுதினால் கம்பெனி பொறுப்பு. இரண்டிலும் மூன்று வார்த்தைகள்தான், எது முன்னால் எது பின்னால் என்பதுதான் வித்தியாசம். ரிப்போர்ட்டு அதற்காக மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. விழுந்தது யாராக இருந்தாலும் அவர் கை அந்த முதல் வரியைத்தான் எழுதும்.

அடுத்த வீட்டுத் தையல்காரியின் வலது கால் போனபோதும் அதைத்தான் எழுதியது. இத்தனைக்கும் ஸ்டேஷன் ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கண்ணாரப் பார்த்தவர் அவர். வண்டி நின்றது. அவள் வலது காலைக் கீழே வைத்தாள். வண்டி குலுங்கி நகர்ந்தது.

அவள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். கம்பெனிக்குச் சாட்சி யார் என்றால், நம்ம ரிப்போர்ட்டுதான்.

விபத்துக்குப் பிறகு அடுத்த வீட்டில் தையல் மெஷின் ஓடவில்லை. ஆனால் அவருக்கு மட்டும் கேட்டது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் பெடல் மிதிக்கும் சத்தம்.

“கேக்குதா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“மிதிக்கிற காலே போயிடுச்சு, எப்படிக் கேக்கும்? நாளைக்குக் கோர்ட்ல கண்ணால பாத்ததைச் சொல்லிட்டு வாங்க. பக்கத்து வீட்டு அக்கா முகத்துல முழிக்கவே முடியல என்னால.”

உண்மையைச் சொல்வதென்று முடிவு கட்டித்தான் மறுநாள் கூண்டில் ஏறினார். தையல்காரி ஊன்றுகோலை மடியில் வைத்தபடி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“என்ன நடந்துச்சு?” என்றார் நீதிபதி.

“வண்டி நகரும்போது இறங்கினாங்க.”

பாழாய்ப்போன வாய். கம்பெனி வக்கீல் நிம்மதியாக உட்கார்ந்தார். தையல்காரி அவரையே பார்த்தாள். அவர் நீதிபதி பக்கம் திரும்பினார்.

“ஐயா, தப்பாச் சொல்லிட்டேன். அது நான் எப்பவும் எழுதுற வரி. வண்டி நின்னுச்சு. இவங்க இறங்கும்போதுதான் நகர்ந்துச்சு. நானே பாத்தேன்.”

நீதிபதி எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். “எப்பவும்னா, எத்தனை பேருக்கு?”

“நாப்பத்தொரு பேருக்கு.”

“அதுல எத்தனை பேர் நிஜமாவே ஓடுற வண்டியில இருந்து இறங்கினாங்க?”

யோசித்துப் பார்த்தார். ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை, அந்த வரிதான் வந்தது. “தெரியலங்க ஐயா.”

தையல்காரி ஜெயித்தாள். கையால் சுற்றுகிற மெஷின் ஒன்று வாங்கிப் போட்டுத் தைக்கிறாள். பெடல் சத்தம் நின்றுவிட்டது.

ஆனாலும் மத்தியானம் ரிப்போர்ட்டு பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிடுகிறார். “கேக்குதா?”

“அக்காவோட மெஷின்தானே?” என்கிறாள் மனைவி.

“இல்ல. யாரோ இறங்குறாங்க. வண்டி நின்னுச்சா இல்லையான்னுதான் தெரியல.”