ஒரே வீட்டில் இருவர் எழுதிய பரீட்சை

கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அதிகாரி என்பது என் வேலை. சாரத்தில் ஏறுகிறவர் பெல்ட் மாட்டியிருக்கிறாரா, குழியைச் சுற்றித் தடுப்பு இருக்கிறதா, வெல்டிங் நடக்கிற இடத்தில் தீயணைப்பான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். பெங்களூரில் பதினாறு வருடங்களாக இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறேன். என் மனைவி நர்ஸ். ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இருந்தாள். ஊசி குத்திய விரல்களும் இஸ்திரிச் சூடு பட்ட மணிக்கட்டுகளும் நாள் முழுக்க அவளிடம் வந்துகொண்டிருக்கும்.

மேனேஜர் பதவி வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று கட்டாயம் என்று எங்கள் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். கோரமங்களாவில் ஞாயிறு மதியம் நடக்கும் வகுப்பில் சேர்வதற்காக நான் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற மனைவி, "நானும் சேரட்டுமா?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

"தெனம் வெரலுக்குக் கட்டுப் போடறேன். அந்த ஊசி ஏன் குத்துதுன்னு அங்க ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க. நான் கேக்கலாம்னு பாக்கறேன்."

சரி, துணைக்கு ஆள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஈஜிபுரா வீட்டிலிருந்து இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போவோம். முதல் சில வாரங்கள் எனக்குப் பெருமையாகவே இருந்தது. பயிற்சியாளர் எதையாவது விளக்கிவிட்டு, "சைட்ல இப்படித்தானே சார்?" என்று என்னைப் பார்ப்பார். வகுப்பே திரும்பிப் பார்க்கும். பிறகு மெல்ல மெல்ல என் மனைவி கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஒருநாள் அவள் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாமல் பயிற்சியாளர், "அடுத்த வாரம் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றார். வீடு திரும்பும் வழியில் அவள் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தாள். டிராஃபிக் சத்தத்தில் காதில் விழாதது போல வண்டியை ஓட்டினேன்.

பரீட்சை வீட்டிலிருந்தே எழுதுவது. காலையில் கேள்வித்தாள் கணினியில் வரும். ஒரு கிடங்கில் நடந்த விபத்தைக் கதையாகக் கொடுத்திருப்பார்கள். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதலாம், அடுத்த நாள் காலைக்குள் அனுப்பிவிட வேண்டும். யாரும் யாருக்கும் உதவக்கூடாது என்பதால் எங்கள் மகளை ஜோகுபாளையத்தில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, நான் ஹாலிலும் அவள் படுக்கையறையிலும் உட்கார்ந்தோம்.

நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதானே. கதையை ஒருமுறை ஓட்டமாகப் படித்துவிட்டு, பதினாறு வருட அனுபவத்தைக் கொட்டி எழுதினேன். பிறகு டிவியில் கிரிக்கெட் போட்டேன். அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது, "முடிச்சிட்டீங்களா?" என்று ஆச்சரியமாகக் கேட்டாள்.

"எப்பவோ."

"நான் இப்பத்தான் கதைய நாலாவது தடவ படிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாவம் என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு வேலைநாள் காலையில் முடிவு வந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜை மேல் இருந்த இரண்டு போன்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் எழுப்பின. என்னுடையதைத் திறந்தேன். தேர்ச்சி இல்லை. கேட்ட கேள்விக்கு, கொடுத்த கதையிலிருந்து பதில் எழுதவில்லை என்று ஒரு வரி. அவள் போனின் பூட்டைத் திறக்கும் எண் எனக்குத் தெரியும். அதையும் திறந்தேன். தேர்ச்சி.

அதற்குப் பிறகு செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த மின்னஞ்சலைப் படிக்காதது போல மாற்றி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பால் வாங்கி வருகிறேன் என்று குளியலறைக் கதவைப் பார்த்துக் கத்திவிட்டு வெளியேறினேன். ஃபிரிட்ஜில் பால் இருந்தது.

திரும்பி வந்தபோது தலையில் துண்டோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, ரிசல்ட் வந்திருக்கு. நான் பாஸ்."

"ஓ. குட்."

"உங்களுக்கு?"

"இன்னும் வரல."

என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரி, வரும்" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போனாள்.

மூன்றாம் நாள் வகுப்பின் வாட்ஸப் குழுவில் தேர்ச்சி பெற்றவர்களின் படங்கள் வந்தன. தங்க நிற வளையத்துக்குள் என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் முடிவு வந்துவிட்டது என்பது அந்தக் குழுவில் இருக்கிற அவளுக்கும் அப்போதே தெரிந்திருக்கும். ஆனாலும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதுதான் என்னை அரித்தது. அவள் போனில் யாருக்காவது நன்றி சொல்வது கேட்டால் ஃபேன் சத்தத்தைக் கூட்டுவேன். அவள் அக்கா வீட்டில் எல்லோரும் அவளைப் பாராட்டியபோது, "பரீட்ச வேற, சைட் வேற. பேப்பர்ல யாரும் மேலேர்ந்து விழறதில்ல" என்றேன். அவள் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள்.

அந்த வாரமே என் மேலதிகாரி, ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர், என்னை அறைக்கு அழைத்தார். யாரோ அந்தப் படத்தை அவருக்கு அனுப்பியிருந்தார்கள்.

"உங்க மிசஸ் பாஸ் மாடிட்டாங்களாமே, ஹௌதா? நம்ம ஒயிட்ஃபீல்ட் ப்ராஜெக்ட்ல ஒரு சேஃப்டி ஆபீசர் போஸ்ட் இருக்கு. நர்சிங் தெரிஞ்ச லேடின்னா ரொம்ப நல்லது. ரெஸ்யூமே அனுப்பச் சொல்லுங்க."

"அவளுக்கு சைட் வேலையில இன்ட்ரஸ்ட் இல்ல சார்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று. "வெயில், தூசி... வேணாம்னுட்டா."

"அய்யோ, வேஸ்ட்" என்றார் அவர். அறையை விட்டு வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் பூ வாங்கிக்கொண்டு போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை அவளும் மகளும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். நான் மறுபடி பரீட்சை எழுதியாக வேண்டும். அவள் எப்படித்தான் படித்தாள் என்று பார்க்க அவளுடைய நோட்டை எடுத்தேன். ஆங்கிலமும் தமிழுமாக, சின்னச் சின்ன எழுத்தில், பக்கம் பக்கமாக இருந்தது. நடுவில் ஒரு பக்கத்துக்கு, 'விபத்தின் காரணத்தைத் தேடுவது, பயிற்சி' என்று தலைப்பு. அதில் இருந்தது என் விபத்து.

அதற்கு முந்தைய வருடம் எங்கள் தளத்தில் சாரத்தின் கிளாம்ப் ஒன்று கழன்று, ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் கீழே விழுந்து கால் முறிந்துபோனார். அவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். அதை வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன். விசாரணையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிட்டார்கள். அந்த அறிக்கையை எழுதியதும் நான்தான்.

அவள் எழுதியிருந்தது இது: 'சாரத்தில் தொங்கிய, ஏறலாம் என்று காட்டும் பச்சை அட்டையில் பரிசோதித்த நேரம் காலை எட்டேகால் என்று கையெழுத்து. ஆனால் அதிகாரி எட்டு மணியிலிருந்து கூட்டத்தில் இருந்தார். அப்படியானால் அன்று சாரத்தை யாரும் ஏறிப் பார்க்கவில்லை.' அதன் கீழே: 'ஏன் பார்க்கவில்லை? ஏழு சாரம், ஒரே ஆள், எட்டு மணிக்குக் கூட்டம். வேலையை இப்படி அமைத்தால் எந்த ஆளும் பார்க்காமல்தான் கையெழுத்துப் போடுவார்.'

இரண்டு விவரங்களையும் அவளிடம் சொன்னது நானேதான், வேறு வேறு நாட்களில். எட்டு மணியிலிருந்து கூட்டத்தில் இருந்ததால் அலறல் கேட்கவில்லை என்று ஒருநாள். எட்டேகாலுக்கே அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தேன், என் மேல் தப்பில்லை என்று இன்னொரு நாள். அவள் இரண்டையும் சேர்த்துவிட்டாள். பக்கத்தின் மேல் இருந்த தேதியைப் பார்த்தால், பரீட்சைக்கு வெகு முன்பே.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் என்று எழுத ஆசைதான். ஆனால் வந்தது பொறாமை. தளத்திலேயே கிடக்கிற எனக்கு என் குற்றம்தான் தெரிந்திருந்தது, அதன் காரணம் தெரிந்திருக்கவில்லை. அவள் அந்த இடத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, ஆனால் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு வராதது அவளுக்கு வந்திருக்கிறது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தபோது நிற்காமல் வந்தது.

சர்ச்சிலிருந்து வந்தவள் மேஜை மேல் திறந்திருந்த நோட்டைப் பார்த்தாள். மகளைக் கீழ்வீட்டுக்கு விளையாட அனுப்பினாள்.

"இது தெரிஞ்சும் எங்கிட்ட ஏன் கேக்கல?" என்றேன்.

"நீங்களே ஒருநாள் சொல்வீங்கன்னு இருந்தேன்."

"நான் ஃபெயில்."

"தெரியும்."

"இன்னொண்ணும் இருக்கு" என்று ஒயிட்ஃபீல்ட் விஷயத்தைச் சொன்னேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முக்காட்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"நான் வேணாம்னே சொல்லியிருக்கலாம்" என்றாள். "ஆனா வேணாம்னு நான்ல சொல்லணும்? எம் பேர்ல நீங்க எப்படிச் சொல்லலாம்? அந்த அட்டையிலயும் இப்படித்தானே பாக்காமலே கையெழுத்துப் போட்டீங்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அன்று முழுவதும் என்னோடு பேசவும் இல்லை.

திங்கட்கிழமை மேலதிகாரியிடம் போய், மனைவியைப் பற்றிச் சொன்னது பொய் என்றேன். அவர் சிரித்தார். அட்டையைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அறிக்கையை மாற்றி எழுதினோம். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது, அந்த வருடம் மேனேஜர் பதவிக்கான வாய்ப்பும் போயிற்று. காலைக் கூட்டத்தை ஒன்பதரைக்குத் தள்ளினார்கள், கூட ஒரு ஆளையும் போட்டார்கள். ஊருக்குத் திரும்பிவிட்ட அந்தத் தொழிலாளிக்குப் போன் செய்து, தப்பு உங்களுடையது இல்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "அதை என் அண்ணனிடமும் சொல்லுங்கள், அவன் இன்னும் என்னைத்தான் திட்டுகிறான்" என்றார். அண்ணனிடமும் சொன்னேன்.

என் மனைவி நேர்முகத்துக்குப் போனாள், வேலை கிடைத்தது. முதல் மாத ஆய்வுக் கூட்டத்தில் அவளுடைய அறிக்கையைத் திரையில் போட்டு, எல்லாத் தளங்களும் இப்படி எழுதுங்கள் என்றார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டேன். வயிறு எரியத்தான் எரிந்தது.

இரண்டாம் முறை பரீட்சை எழுதியபோது கதையை ஐந்து தடவை படித்தேன். அனுபவத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு, அந்தத் தாளில் இருந்ததை மட்டும் எழுதினேன். முடிவு வந்தபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பாஸ்" என்று நான் சொன்னதும் ஈரக்கையோடு பால்கனிக்கு ஓடி, எதிர்வீட்டு அம்மாவிடம், "ஆன்ட்டி, நம்மவரு பாஸாத்ரு!" என்று கன்னடத்தில் கத்தினாள். அக்காவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். மகளைத் தூக்கிச் சுற்றினாள். அந்தச் சிரிப்பில் வேறெதுவும் ஒரு சொட்டுகூடக் கலந்திருக்கவில்லை.

அவள் தேர்ச்சி பெற்ற காலையில் நான் சொன்னது 'குட்' என்ற ஒரே சொல். அவளால் எப்படி இது முடிகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சான்றிதழ் எனக்கும் வந்துவிட்டது. வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இன்னொருவருடைய நல்ல செய்திக்கு இப்படிக் கத்த எனக்கு இன்றுவரை வரவில்லை. அதற்காகவும் அவள் மேல் எனக்குப் பொறாமைதான்.