மாடிப்படிக்கு அடியில் உப்பிய பேட்டரி

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரே மாடிப்படி. மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். வாதம் வந்ததிலிருந்து அவரால் எழுந்து நடக்க முடியாது. கீழே தீப்பிடித்தால் அவரை எந்த வழியாக இறக்குவது?

கீழ்வீட்டுத் தம்பி தன் கரண்ட் ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்துத்தான் சார்ஜ் போடுவார். ஒரு நாள் காலையில் பால் வாங்க இறங்கினேன். பேட்டரியின் பக்கங்கள் உப்பி, மூடி வாய் பிளந்திருந்தது. அதன் தலையில் என் அம்மிக்கல்! மிக்ஸி வந்த பிறகு அங்கே ஓரமாகக் கிடந்த கல். சார்ஜர் வயரும் செருகியபடியே இருந்தது.

நான் ஆண்களை முகம் பார்த்துப் பேசிப் பழகாதவள். அன்று அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன்.

“என்னா தம்பி இது?”

“லேசா உப்பிடுச்சு பாட்டிம்மா. வெயிட்டு வெச்சா அமுங்கிடும்.”

“அமுங்குறதுக்கு அது என்னா தோசை மாவா? வித்தவங்களக் கேளுங்க. என் எதிர்லயே கேளுங்க.”

சலித்துக்கொண்டே போன் போட்டார். கடைக்காரர் போட்ட கத்தல் எனக்கே கேட்டது. “சார், மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணுங்க! கல்ல மெதுவா எடுங்க. அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, பிரிக்கக் கூடாது. சூடா இல்லன்னா வெளிய எடுத்துட்டுப் போயி வெட்டவெளியில வைங்க. புகை வந்தா கிட்டப் போகாதீங்க, ஃபயர் சர்வீஸக் கூப்பிடுங்க!”

இவ்வளவும் தெரிந்தவர்கள், விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயா வலித்துவிடும்?

தம்பி சுவிட்சை அணைத்து, கல்லை எடுத்துவிட்டுப் பேட்டரியைக் காம்பவுண்டு மூலைக்குக் கொண்டுபோனார். “இதோ வர்றோம்” என்ற கடைக்காரர்கள் மறுநாள் சாயங்காலம்தான் கையுறையும் மணல் போட்ட இரும்புப் பெட்டியுமாக வந்தார்கள். அதுவரை என் வீட்டுக்காரர், “எடுத்துட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டே கிடந்தார்.

புதுப் பேட்டரி வந்தது. தம்பி மறுபடியும் அதே மாடிப்படிக்கு அடியில் குனிந்தார். எனக்கு வந்ததே கோபம்!

“உங்க வீட்டுக்குள்ள, கட்டில் பக்கத்துல வெச்சு சார்ஜ் போடுங்களேன்.”

அவர் மனைவி உள்ளிருந்து ஓடிவந்தாள். “ஐயோ, உள்ள வேணாங்க! குழந்தை தூங்குது!”

“மேலயும் ஒருத்தர் படுத்திருக்காரும்மா,” என்றேன்.

தம்பி வயரைச் சுருட்டிவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். நான் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் வந்து, வெளியே கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் சார்ஜ் பாயின்ட் வைக்கத் துளை போடுகிற சத்தம் கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.